மின்விசிறியின் கீழே பன்னிரண்டு தலைகள்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் விளையாட்டு, பின்னறையில் தூக்கம். முன்னறை மின்விசிறி கெட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. பின்னறையில் இருந்தது மூன்றாம் எண்ணில் வைத்தால் ஓடும், நான்கில் வைத்தால் ஆடும். ஐந்தில் வைக்க அந்தக் காப்பகத்தை நடத்திய மேடத்துக்கே தைரியம் கிடையாது.

அதனால் மதியத் தூக்கத்துக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பதினோரு குழந்தைகளின் பாய்களையும் வட்டமாகப் போடுவார்கள். கால்கள் சுவரைப் பார்த்து இருக்கும். தலைகள் உள்ளே, மின்விசிறிக்கு நேர் கீழே, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இருக்கும். நடுவில் ஒரு வாளி வைக்கும் அளவுக்கு மட்டும் காலியிடம். காற்று எல்லோருக்கும் ஒரே அளவு கிடைத்தது. இதைக் கண்டுபிடித்தவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பின்னலக்கா. வட்டத்தில் பன்னிரண்டாவது இடம் அவளுடையது. இரண்டு மணிக்கு அவளும் படுத்துவிடுவாள். அவள் படுத்தால்தான் மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள். வலது பக்கம் வாயாடி படுப்பாள். இடது பக்கம் குட்டி, காப்பகத்திலேயே சின்னவள், அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுப்பாள்.

நாலு மணிக்கு எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் அவள் தலை வாரிப் பின்னிவிடுவாள். ஒரு முக்காலி, ஒரு சீப்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். காலையில் எப்படி வந்த குழந்தையும் மாலையில் மயிரிழை பிசகாத பின்னலோடு வீட்டுக்குப் போகும். அந்தக் காப்பகத்துக்கு அதுதான் விளம்பரம். "நான் பின்னினா பஸ் ஏறுறதுக்குள்ள அவிழ்ந்துடுது, உங்க கையில என்ன பசையா தடவி வெச்சிருக்கீங்க?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். தன் தலையை மட்டும் அவள் எண்ணெய் வைத்து இழுத்துக் கொண்டை போட்டு முடித்துவிடுவாள். அதற்குக் கண்ணாடி பார்த்ததில்லை. தனியாகக் குடியிருந்தாள். வயது நாற்பத்தைந்து.

சுருளி சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஐந்து வயது. கம்பிச்சுருள் போன்ற முடி, அதனால் அந்தப் பெயர். அப்பா பஸ் டிரைவர். அம்மா நர்ஸ் படிப்பின் கடைசி ஆண்டுப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தாள். டிரைவருக்குக் காலை ஏழு மணிக்கு வண்டி. அந்தப் பக்கத்தில் ஆறரைக்குக் கதவைத் திறக்கும் காப்பகம் இது ஒன்றுதான். முதல் நாள் பின்னலக்கா சுருளியின் தலையில் சீப்பை வைத்தாள். அது ஒரு விரல்கூட இறங்கவில்லை. "உனக்கு உங்கப்பாவே கட்டிவிடட்டும்மா" என்று விட்டுவிட்டாள். அப்பா ஒரு ரப்பர் வளையத்தைப் போட்டு உச்சியில் கட்டி அனுப்புவார். அன்னாசிப்பழம் என்று மற்ற குழந்தைகள் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வாயாடியின் அம்மா மகளோடு ஒரு காகிதத்தையும் கொண்டுவந்தாள். அவள் வங்கியில் காசாளர். காகிதத்தில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. ஒட்டுநாடாவுக்குள் ஒரு புள்ளி.

"இது என்னன்னு சொல்லுங்க மேடம்."

மேடம் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எள்ளா?"

"எள்ளுக்கு ஆறு கால் இருக்குமா?"

வாயாடி இடையில் புகுந்தாள். "மேடம், உயிரோட இருந்தப்ப நல்லா நடந்துச்சு. அம்மா கத்தினாங்க. அப்பா கட்டில் மேல ஏறி நின்னுட்டார்."

"நீ வாயை மூடு. இவளுக்கு இது வரைக்கும் பேனே வந்ததில்ல. தினம் தலைக்குக் குளிக்கிறவ. இங்க யார்கிட்டேருந்தோ வந்திருக்கு."

பத்து மணிக்குள் குட்டியின் அம்மா போன் செய்தாள். பதினொன்றுக்குக் குட்டிக்கு அடுத்துப் படுக்கும் பெண்ணின் அம்மாவும். மேடம் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து மேலேயிருந்து தலைகளைப் பார்த்துக்கொண்டே போனார். பின்னப்பட்ட தலைகளில் வகிட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. சுருளியின் தலையில் மட்டும், விரிந்த முடியில், அங்கங்கே வெள்ளை வெள்ளையாக அரிசிக்குருணை போல் ஏதோ ஒட்டியிருந்தது.

"இதோ" என்றார் மேடம். விசாரணை அதோடு முடிந்தது.

பெற்றோர் குழுவுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்தி போயிற்று. "அன்பான பெற்றோருக்கு, புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தையின் மூலம் தலைப்பேன் பரவியுள்ளது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. கவலை வேண்டாம்." அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தது ஒரே குழந்தைதான். பெயர் போட வேண்டிய தேவை இருக்கவில்லை.

மாலையில் டிரைவர் வந்தபோது மேடம் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"அவளுக்குப் பேன் இல்லைங்க" என்றார் டிரைவர். "முன்னாடி இருந்துச்சு. அவங்கம்மா ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே உக்காந்து எல்லாத்தையும் எடுத்துட்டா."

"எடுத்திருந்தா அப்புறம் எப்படித் தம்பி இருக்கும்? நான் என் கண்ணால பாத்தேன்."

டிரைவர் உள்ளே இருந்த மகளை எட்டிப் பார்த்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அன்னைக்கு இங்க எந்தத் தலையிலாவது ஒரு பேன் மிச்சம் இருந்தாலும் நீங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடணும். மத்த பத்துப் பேருக்கும் நான் பதில் சொல்லணும் இல்லையா?"

"நான் எங்கங்க கூட்டிட்டுப் போவேன்? ஸ்டியரிங் பக்கத்துல உக்கார வெச்சா ஓட்ட முடியும்?"

"எனக்குப் புரியுது தம்பி" என்றார் மேடம். புரிந்தது என்பது உண்மைதான். அதனால் எதுவும் மாறவில்லை.

மறுநாள் சுருளியின் பாய் வட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு முன்னறைக் கதவோரம் போடப்பட்டது. அங்கே காற்று வராது. தூங்க வைக்கப் போன பின்னலக்காவிடம், "அக்கா, இங்கேருந்து பாத்தா எல்லாரோட செருப்பும் தெரியுது. வாயாடியோட செருப்புல ஒரு பூ கழண்டுடுச்சு, சொல்லிடுங்க" என்றாள் சுருளி.

அன்று மாலை வேலை முடிந்ததும் பின்னலக்கா மருந்துக்கடைக்குப் போனாள். கல்லாவுக்குப் பின்னால் படிப்பு முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் இருந்தாள்.

"பேன் மருந்து ஒண்ணு குடும்மா."

"எத்தனை தலைக்கு அக்கா?"

"பதினொண்ணு."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "வீட்டுலயா, பள்ளிக்கூடத்துலயா?"

"காப்பகத்துல."

"பதினோரு பேருக்கும் இருக்கா? பேனைப் பாத்தீங்களா, இல்ல ஈரை மட்டும் பாத்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க." கடையில் வேறு யாரும் இல்லை. அந்தப் பெண் தன் பின்னலை முன்னால் போட்டு, ஒரு முடியைப் பிரித்து, வெள்ளைத் தாள் மேல் நீட்டிக் காட்டினாள். "முட்டைக்குச் சூடு வேணும். அதனால பேன் முடியோட அடியில, தோலை ஒட்டித்தான் முட்டை வைக்கும். சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கும், நகராது. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருதுன்னு வைங்க. முட்டையும் முடியோட சேர்ந்து வெளியே வந்துட்டே இருக்கும். தோல் பக்கத்துல பழுப்பா இருந்தா உள்ள உயிர் இருக்கலாம். தள்ளி, வெள்ளையா இருந்தா அது வெறும் ஓடு. குடித்தனம் காலி பண்ணிட்டுப் போன வீடு."

"பொடுகும் வெள்ளையாத்தானே இருக்கும்?"

"பொடுகு ஊதினா பறந்துடும். ஈரு நகத்தால இழுத்தாத்தான் வரும்."

பின்னலக்கா கொஞ்சம் யோசித்தாள். "குளிக்காத புள்ளைங்களுக்குத்தான் வரும்னு சொல்றாங்களே."

"பேன் சோப்பு வாசனையெல்லாம் பாக்காதுக்கா. அதுக்கு ரத்தம் கிடைச்சாப் போதும். தாவாது, பறக்காது. நடக்கத்தான் தெரியும். ஒரு தலையும் இன்னொரு தலையும் ஒட்டியிருந்தா பக்கத்து வீட்டுக்குப் போற மாதிரி போயிடும். சீப்பு, தொப்பி வழியாவும் எப்பவாச்சும் போகும். ஆனா தலையை விட்டுக் கீழ விழுந்துட்டா ஒரு நாள், ரெண்டு நாள், அவ்வளவுதான் ஆயுசு."

"எங்க வீட்டுல சின்ன வயசுல மண்ணெண்ணெய் தடவுவாங்க."

"தடவிட்டு யாராவது அடுப்புப் பக்கம் போனா? வேண்டவே வேண்டாம். தோலும் வெந்து போகும்." அவள் ஒரு பாட்டிலையும், நெருக்கமான பற்கள் உள்ள இரும்புப் பேன்சீப்பு ஒன்றையும் எடுத்து வைத்தாள். "முதல்ல எல்லாத் தலையையும் நனைச்சு, கண்டிஷனர் நிறையப் போட்டு, இதால அடியிலேருந்து நுனி வரைக்கும் வாருங்க. ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க. ஈரமா இருந்தா பேன் ஓட முடியாது. உயிருள்ள பேன் கிடைச்சவங்களுக்கு மட்டும் அவங்கம்மாக்கள் கிட்ட சொல்லி மருந்து போடச் சொல்லுங்க. ஒன்பதாம் நாள் மறுபடி போடணும். முதல் தடவையில பேன் சாகும், முட்டை தப்பிச்சுடும். இந்த ரெண்டாவது தடவையை எல்லாரும் மறந்துட்டு, அப்புறம் மருந்து போலின்னு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. பெரியவங்க தலையையும் பாருங்க."

"பெரியவங்களுக்கு எங்கம்மா வருது?"

"தலை இருக்கிற எல்லாருக்கும் வரும்க்கா."

புதன்கிழமை பின்னலக்கா முக்காலியை முன்னறை ஜன்னலுக்கு அருகில் போட்டாள். போனில் எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினாள். ஒவ்வொரு தலையாக நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, மெதுவாக வாரினாள். குழந்தைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

"அக்கா, எனக்கு எத்தனை?"

"ரெண்டு."

"வாயாடிக்கு?"

"நாலு."

"அவளுக்கு மட்டும் ஏன் நாலு? நல்லாத் தேடுங்க அக்கா."

சுருளிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கண்டிஷனர் பாதிப் புட்டி காலியானது. நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே போய், பிறகு தோலிலிருந்து நுனி வரை வாரினாள். துணியில் ஒன்றும் விழவில்லை. திரும்பவும் வாரினாள். ஒன்றும் இல்லை. வெள்ளைக் குருணைகள் இருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முடியைப் பிடித்து விரலை வைத்து அளந்தாள். தோலிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தன. எந்த முடியை எடுத்தாலும் அதே இரண்டு விரல். அதற்குக் கீழே சுத்தமாக இருந்தது.

இரண்டு விரல் என்றால் மூன்று மாதத்துக்கு மேல். இந்தக் குழந்தை சேர்ந்து ஐந்து வாரம்.

வருகைத் தாளின் பின்பக்கத்தில் அவள் ஒரு வட்டம் போட்டாள். பாய்களின் இடத்தைக் குறித்து, உயிருள்ள பேன் கிடைத்த தலைகளுக்குக் கறுப்புப் புள்ளி வைத்தாள். ஐந்து புள்ளிகள். வாயாடி, அவளுக்கு அடுத்தவள். இந்தப் பக்கம் குட்டி, அவளுக்கு அடுத்தவள், அதற்கும் அடுத்தவள். எதிர்ப் பக்கம் முழுக்கக் காலி. சுருளி முன்பு படுத்த இடம் எதிர்ப் பக்கத்தில் நட்டநடுவே இருந்தது. ஐந்து புள்ளிகளுக்கும் நடுவில் ஓர் இடம் குறியில்லாமல் இருந்தது. குழந்தைகளை மட்டும்தான் அவள் குறித்திருந்தாள்.

அதைப் பார்த்ததும் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சுருளிக்குப் பேன் இல்லை என்பதை மட்டும் மேடத்திடம் சொன்னாள்.

"அப்ப அது என்ன வெள்ளை?"

"பழைய ஓடு மேடம். இங்க வர்றதுக்கு முன்னாடியே செத்தது."

"இதை நான் எப்படிக் குழுவுல போடறது? அப்ப யாருன்னு கேப்பாங்க. ஒரு தலையைச் சொல்லிட்டு இன்னொரு தலையைக் காட்டாம விட முடியுமா? பேசாம இரு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணும் இல்லாமப் போனா எல்லாரும் மறந்துடுவாங்க."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, கதவு திறக்க அரை மணி இருக்கும்போது, பின்னலக்கா காப்பகத்துக் குளியலறையில் கொண்டையை அவிழ்த்தாள். தலையைக் குனிந்து நனைத்து, கண்டிஷனர் போட்டு, கழுத்துப்புறத்திலிருந்து முன்னால் வாரினாள். முதல் வாரலிலேயே துணியில் மூன்று நடந்தன. பதினேழு வரைக்கும் எண்ணினாள். அதற்குப் பிறகு எண்ணவில்லை. உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியிலிருந்து மூன்று விரல் தூரம் வரை, மணி கோத்தது போல், ஓடுகள் இருந்தன. காப்பகத்தில் அவள் பார்த்த எந்தத் தலையிலும் அவ்வளவு தூரம் இல்லை.

நாலைந்து மாதமாகவே தலை அரித்துக்கொண்டிருந்தது. முடிச்சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இரண்டு தடவை சாயத்தை மாற்றியிருந்தாள். தினமும் ஏழெட்டுத் தலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தவளின் தலையை எத்தனையோ வருடமாக வேறு யாரும் தொட்டதில்லை.

அன்று மாலை வீட்டில் மருந்து போட்டுக்கொண்டாள். சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். அவள் கணக்கு எளிமையானது: தன் தலை சரியாகிவிடும், ஐந்து பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் மருந்து போட்டுவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வந்து போகும், சுருளி இருப்பாள், தனக்கும் வேலை இருக்கும். காப்பகத்தில் பாய்களைத் திருப்பிப் போட்டாள். இனிமேல் கால்கள் நடுவில், தலைகள் சுவரோரம், ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் ஒரு முழம் இடைவெளி. அவள் படுப்பதை நிறுத்தி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு பையிலும் அவரவர் சீப்பு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் எல்லாத்தையும் மாத்தறே?" என்றார் மேடம்.

"சும்மா, ஒரு மாறுதலுக்கு."

வாயாடிதான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அக்கா, என் மேல கோபமா? ஏன் பக்கத்துல படுக்க மாட்டேங்கறீங்க?"

"முதுகு வலிடி செல்லம்."

"பொய். முதுகு வலிச்சா படுக்கத்தான் செய்வாங்க."

ஐந்து அம்மாக்களிடமும் ஒன்பதாம் நாள் கணக்கைச் சொன்னாள். நால்வர் தலையாட்டினார்கள். காசாளர் அம்மா வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "ஒரே தடவையில மொத்தமும் செத்துப்போச்சுக்கா, நானே பாத்தேன்" என்றாள். ஏன் மறுபடி போட வேண்டும் என்று பின்னலக்கா அழுத்திச் சொல்லவில்லை. நீங்களும் மருந்து போட்டீங்களா என்று திரும்பிக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் காசாளர் அம்மா வந்தாள். கையில் காகிதம். ஒட்டுநாடாவுக்குள் இந்தத் தடவை இருந்தது முன்பைவிடச் சின்னது.

"நாள் குறிச்சீங்களே மேடம், நல்லாக் குறிச்சீங்க" என்று காகிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மேடம் டிரைவருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். அவர் திரும்பக் கூப்பிட்டபோது மணி ஒன்பது. மேடம் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.  பஸ் இரைச்சலுக்கு நடுவே, "நாலு மணிக்கு வரேங்க" என்றார் டிரைவர்.

சுருளியின் சாமான்களை எடுத்து வைக்கும் வேலை பின்னலக்காவுக்கு வந்தது. ஒரு போர்வை, இரண்டு மாற்றுடுப்பு, மூடி தொலைந்த தண்ணீர்ப் புட்டி. சுருளி பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைலேருந்து நான் எங்க இருப்பேன் அக்கா?"

"தெரியலம்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

சுருளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எல்லாருக்கும் தெரியாது" என்றாள். பொதுவான ஒரு விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். பின்னலக்கா பையின் ஜிப்பை மூடப் போனாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

நாலு மணிக்கு டிரைவர் சீருடையோடு வந்தார். டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். நாளையிலிருந்து அவருடைய வழித்தடம் வேறு ஒருவருக்கு. அவருக்குச் சம்பளமில்லா விடுப்பு, எவ்வளவு நாள் என்று தெரியாது. அதே நேரத்தில் காசாளர் அம்மாவும் மகளைக் கூட்டிப்போக வந்து நின்றாள். டிரைவரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேடம் பையை எடுத்து நீட்டினார். "மனசுல வெச்சுக்காதீங்க தம்பி."

"அதைக் குடுக்காதீங்க மேடம்" என்றாள் பின்னலக்கா.

முக்காலியில் போய் உட்கார்ந்தாள். தினமும் குழந்தைகள் உட்காரும் இடம் அது. அவளுக்கு அது குட்டையாக இருந்தது, முழங்கால்கள் மார்பு வரை வந்தன. கொண்டையை அவிழ்த்து முடியைப் பின்னால் தள்ளினாள். காசாளர் அம்மாவைப் பார்த்து, "இங்க வந்து பாருங்க. காதுக்குப் பின்னாடி பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

"என்னக்கா இது..."

"பாருங்க, சொல்றேன்."

காசாளர் அம்மா இரண்டு விரலால் முடியைப் பிரித்தாள். கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?"

"நாலைஞ்சு மாசம் இருக்கும். போன வாரம் வியாழக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது. உங்க பொண்ணுக்கு என்கிட்டேருந்துதான் வந்திருக்கணும். குட்டிக்கும் அப்படித்தான். சுருளிக்கு இங்க வந்தப்புறம் ஒண்ணுமே இல்ல. அவ தலையில என் சீப்பு இறங்கல, அவ என் பக்கத்துல படுக்கவும் இல்ல. இன்னைக்கு நீங்க பிடிச்சது புதுசு இல்ல. அன்னைக்குத் தப்பிச்ச முட்டையிலேருந்து வந்தது. ரெண்டாவது தடவை மருந்து போட்டீங்களா?"

காசாளர் அம்மா அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாள். "போன வியாழக்கிழமையே தெரியுமா? எட்டு நாளா வாயைத் திறக்காம இருந்தீங்களா?"

"ஆமா."

"என் பொண்ணு உங்க பக்கத்துலதான் படுப்பா!"

"நான்தான்மா அடம் பிடிச்சுப் படுத்தேன்" என்றாள் வாயாடி. "அக்கா என்னை வேற இடத்துல படுக்கச் சொன்னாங்க. நான்தான் இடத்தை விடல."

"உன்னை யாரும் கேக்கல."

"நீங்களும் ஒரு தடவை தலையைப் பாத்துக்குங்க" என்றாள் பின்னலக்கா. "அவ உங்களோடதானே தூங்கறா." காசாளர் அம்மாவின் கை தன்னையறியாமல் பின்னந்தலைக்குப் போயிற்று. பாதி வழியில் கையை இறக்கிவிட்டாள்.

மேடம் பையோடு நின்றுகொண்டிருந்தார். அதை நாற்காலியில் வைத்தார். "சரி தம்பி. நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு இங்கேயே இருக்கட்டும். திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க."

டிரைவர் நகரவில்லை. "குழுவுல போட்டீங்களே, அது?"

"அது எப்பவோ போட்டது. கீழ போயிருக்கும், யாரு தேடிப் பாக்கப் போறாங்க?"

"பத்துப் பேரு போன்ல என் பொண்ணு இருக்கா மேடம். நேத்துகூடப் பஸ்ல ஒருத்தங்க என்னைப் பாத்துட்டு எந்திரிச்சுப் பின்னாடி சீட்டுக்குப் போனாங்க."

மேடம் போனை எடுத்துத் தட்டினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். "தலைப்பேன் பரவியதற்கான காரணம் கண்டறியப்பட்டுள்ளது. புதிய குழந்தை காரணம் இல்லை."

"யாருன்னு இல்லையே" என்றார் டிரைவர்.

"அது எதுக்குத் தம்பி? ஒருத்தரை அசிங்கப்படுத்தி..."

"என் பொண்ணைப் போடும்போது எதுக்குன்னு யாரும் கேக்கல." குரல் உயரவில்லை.

"என்னைப் போடுங்க மேடம்" என்றாள் பின்னலக்கா. முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். "எனக்கு யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு தெரியல. முன்னாடி இங்க இருந்துட்டுப் போன புள்ளைங்க யாராவதா இருக்கலாம், பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களா இருக்கலாம். அதையும் போடுங்க. இல்லன்னா அடுத்து எனக்கு முன்னாடி யாருன்னு தேடுவாங்க."

மேடம் எழுத ஆரம்பித்தார். எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டும் பழக்கம் அவருக்கு. நேரம் ஆயிற்று. காசாளர் அம்மா போகவில்லை. மூன்றாவது வரியில் மேடம் தயங்கியபோது அவள் எட்டிப் பார்த்து, "வீட்டுப் பெரியவங்களும் பாக்கணும்னு போடுங்க. ஒன்பதாம் நாளையும் போடுங்க" என்றாள். பிறகு, "கட்டாயம்னு போடுங்க" என்றாள்.

செய்தி நாலு முப்பத்தைந்துக்குப் போயிற்று.

"அன்பான பெற்றோருக்கு, புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு இங்கே வந்த பிறகு பேன் இருந்ததில்லை. முன்பு அனுப்பிய செய்தி தவறு. பின்னலக்காவின் தலையில் பேன் இருந்தது, அவருக்கே தெரியாமல். அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. மதியம் தலையோடு தலை ஒட்டிப் படுக்க வைத்ததும் ஒரே சீப்பால் வாரியதும் எங்கள் தவறு. இரண்டையும் நிறுத்திவிட்டோம். இந்த வார இறுதியில் வீட்டில் பெரியவர்கள் உட்பட எல்லோரும் ஈரத் தலையில் பேன்சீப்பால் வாரிப் பார்க்கவும். மருந்து போட்டவர்கள் ஒன்பதாம் நாள் கட்டாயம் மறுபடி போடவும்."

டிரைவர் தன் போனில் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு வாசலுக்குப் போய் டிப்போவுக்குப் பேசினார். வேலைப் பட்டியல் ஒட்டியாகிவிட்டது, நாளைக்கு ஒன்றும் செய்ய முடியாது, திங்கட்கிழமை காலை வந்து கேட்டுப் பாருங்கள் என்றார்கள். "கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

"திங்கட்கிழமை ஆறரைக்குக் கூட்டிட்டு வரேன்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"சரிங்க" என்றாள் பின்னலக்கா.

குழுவில் பதில்கள் வர ஆரம்பித்தன. ஒருத்தி கும்பிடும் கை போட்டாள். ஒருத்தி, தன் மகள் திங்கட்கிழமையிலிருந்து வரமாட்டாள், மீதி விவரம் நேரில் என்று எழுதினாள். ஒருவர் திங்கட்கிழமை எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்டார், மேலே இருந்த எதையும் படிக்காமல். பிறகு குட்டியின் அம்மா கேட்டாள்: "பின்னலக்கா திங்கட்கிழமை வருவாங்களா?"

அவள் வர வேண்டும் என்று கேட்கிறாளா, வரக் கூடாது என்று கேட்கிறாளா என்பது அந்த வரியிலிருந்து தெரியவில்லை. மேடம் போனை நீட்டிக் காட்டினார். பின்னலக்கா படித்தாள். நாற்காலியிலிருந்து சுருளியின் பையை எடுத்து, சிக்கியிருந்த ஜிப்பைப் பின்னால் இழுத்துத் திறந்து, போர்வையை எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினாள். மேடம் அதைப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, "வருவார்" என்று தட்டினார்.